அலெட்ச் பனியாறும் அது விட்டுச்செல்லும் நிலமும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், யுங்ஃப்ராவ் சிகரத்தை ஒட்டிய பனிவெளிகளிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம் தெற்கே இறங்கிவரும் அலெட்ச் பனியாறு, 2001-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, சட்டத்தின் காவல் கிட்டிவிட்டபடியால் இனி அதற்கு அபாயமில்லை என்று எண்ணியோர் பலர். வெப்பமோ எந்த எல்லைக்கல்லையும் மதிப்பதில்லை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அத்தேசத்துப் பனியாறுகள் தம் மொத்தக் கன அளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்துவிட்டன.

பனியாறு வளர்ந்து வந்து தங்களை அழிக்கலாகாது என்று 1678-இல் விரதம் பூண்ட ஃபீஷ் கிராமத்தாரின் சந்ததியார், அது தேயலாகாது என்று பிரார்த்தனையை மாற்றிக்கொள்ள வாடிகனிடம் விண்ணப்பித்து, 2010-இல் அனுமதி பெற்றனர். விஞ்ஞானிகளின் அளவைகளில் ஐயம் கொள்வோர் இவ்வூராரின் அச்சத்தையாவது சற்றே சிந்திப்பாராக.

1912 முதல் 3,454 மீட்டர் உயரத்துக்கு ரயிலேறி, இக்காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர் வரை வந்து காணும் யாத்திரிகர்களின் காலடியால்தான் பனி உருகுகிறது என்னும் அபிப்பிராயம் எமக்கு உடன்பாடன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழும் புகையே பிரதான காரணம். எனினும் அவர்களிற் பலர் ஆகாய விமானத்தில் வருவதும், மறையுமுன் பார்த்துவிடுங்கள் என்று அழைத்து வியாபாரம் பெருக்குவதும் அந்தக் காரணத்தோடு சேர்ந்தவையே.

நாம் விசேஷமாக வற்புறுத்துவது பனி விட்டுச்செல்லும் நிலத்தைப் பற்றியதாகும். தாங்கி நின்ற பனி விலகியதால் 2016-இல் மோஸ்ஃப்ளூ மலைச்சரிவு வேகமாக நழுவத் தொடங்கி, நடைபாதைகள் மூடப்பட்டன. அத்தகைய நிலையற்ற பூமியில்தான், காலப்போக்கில் பாசியும் பூண்டும் பின்னர் மரங்களும் தாமாகவே குடியேறுகின்றன. 1933 முதல் காக்கப்பட்டுவரும் அலெட்ச் வனத்தின் ஓரத்தில் இச்சிருஷ்டியைப் பிரத்தியட்சமாகக் காணலாம். வெறும் கல்லென்று கருதி அங்கே நீர்த்தேக்கமோ புதிய கம்பிவட ஊர்தியோ அமைக்க முற்படுவதை நாம் எதிர்க்கிறோம்.

ஆகவே, பனி நீங்கிய நிலம் முழுவதையும் கட்டடமற்ற பிரதேசமாகப் பிரகடனம் செய்யுமாறும், மலையேற்றிச் செல்லும் ஊர்திகளின் இப்போதைய கொள்ளளவை இனி உயர்த்தாதிருக்குமாறும் மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம். காண வருவோர் இயன்றவரை ரயிலிலேயே வருவார்களாக.