எடை குறைந்த பாட்டரி

ஸ்போர்ட்ஸ் காருக்கு எடை குறைந்த மாற்றுப் பாட்டரி நன்றா என்று நம் இளைஞர் சிலர் வினவுகின்றனர்.

2010-இல் போர்ஷே நிறுவனம் தன் 911 ஜிடி3 காருக்கு லிதியம் பாட்டரியைத் தனி விலைக்கு அளித்தது. அதன் எடை 6 கிலோவுக்கும் குறைவு. ஈயப் பாட்டரியைவிட 10 கிலோ மிச்சம். ஆயினும் கடுங்குளிரில் அதன் ஆற்றல் குன்றுமாதலால், ஈயப் பாட்டரி ஒன்றும் உடன் வழங்கப்பட்டது. பாறசாலையில் அக்குளிர் இல்லை. எஞ்சினருகே மிகும் வெப்பமே இங்குப் பகை.

வாங்குவோர் மூன்றினை நோக்குதல் வேண்டும். முதலாவது, மின்னழுத்தம். லிதியம் இரும்பு பாஸ்பேட் அறை ஒன்று 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8. மின்னேற்றம் 14.6 வோல்ட்டைக் கடத்தலாகாது. இரண்டாவது, மிகை ஏற்றத்தையும் மிகை இறக்கத்தையும் தடுக்கும் காப்புச் சுற்று. மூன்றாவது, ஆம்பியர்-மணி. இலேசான பாட்டரியில் இது பெரும்பாலும் குறைவு. சொந்த ஊருக்குச் சென்று வாரக்கணக்கில் தங்குவோரின் கார், திரும்பி வரும்போது கிளம்பாது போகலாம்.

பந்தயத் தடத்தில் 10 கிலோ வெற்றியையே நிர்ணயிக்கலாம். களியக்காவிளைச் சாலையின் நெரிசலில் அதனால் ஆவது யாது? அன்றாடம் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் காருக்கு ஈயப் பாட்டரியே போதும் என்பது நம் கருத்து.

எதை வாங்கினும், பழைய பாட்டரியை வீட்டு மூலையில் போடாதீர். ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, அதனைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது உற்பத்தியாளர் பொறுப்பு. ஆதலின் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.