அந்த இரண்டு தசமம் எங்கிருந்து வந்தது?

“ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும், போன் ஜிபிஎஸ் பொய் சொல்லாது, ஆகவே பைக்கின் 0–60 கி.மீ. வேக நேரத்துக்குப் போன் ஆப்தான் சாட்சி” என்கிறார்கள். முதல் பாதி சரி. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டவே கூடாது. கம்பெனிகள் கூட்டியே வைக்கின்றன. சீரான வேகத்தில் ஜிபிஎஸ்ஸை நம்பலாம். முடுக்கம் சீரான வேகமா?

ஒன்று. பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் நொடிக்கு ஒருமுறைதான் அளக்கிறது. 4 நொடியில் 60-ஐத் தொடும் வண்டிக்கு இரண்டு அளவீடுகளுக்கிடையே சராசரியாக மணிக்கு 15 கி.மீ. வேகம் ஏறிவிடும். பிறகு ஆப் “3.87” நொடி என்று காட்டுவது எப்படி?

இரண்டு. “இடைவெளியை ஆக்சிலரோமீட்டர் நிரப்புமே?” நிரப்பும், தப்பாக. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் முன்ஃபோர்க் எழும்பும், பின்பக்கம் அமுங்கும், ஹேண்டில்பாரில் மாட்டிய போனும் சேர்ந்து சாயும். சாய்வு எது, முடுக்கம் எது என்று அந்தச் சென்சாருக்குத் தெரியாது. 5 டிகிரி சாய்வு 5 நொடி நீடித்தால் பிழை மணிக்கு சுமார் 15 கி.மீ. கைரோஸ்கோப் திருத்துமா? எஞ்சின் அதிர்வு அதையும் குழப்பும்.

நேரம்தான் வேண்டுமென்றால், நொடிக்கு 10 முதல் 25 முறை அளக்கும் தனி ஜிபிஎஸ் கருவி வாங்குங்கள். ஆப்பின் தசமத்தைக் காட்டி அடுத்தவர் வண்டியை மட்டம் தட்டாதீர்கள்.