வாழ்த்துச் சொன்னவர்கள் எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் பேலியோ, கீட்டோ என்று சோற்றை விட்டவர் யாராவது இருந்தால், அதிலும் இருதய வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர் இருந்தால், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

நாங்கள் குருக்கள்மடத்தில் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறவர்கள். காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களும் இருக்கிறோம், அந்த ஊரிலேயே பிறந்தவர்களும் இருக்கிறோம். போன வருடம் எங்களில் ஆறு பேர் சேர்ந்து மாவுச்சத்தைக் குறைத்தோம். பிட்டு, இடியப்பம், பாண், சீனி போட்ட தேத்தண்ணி எல்லாம் நின்றது. இடைவேளைக்கு அவித்த முட்டையும் மீனும் கீரையும் மேசைக்கு வந்தன.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. அதை மறைக்க மாட்டோம். வயிறு இறங்கியது, சீனி இறங்கியது, ட்ரைகிளிசரைட் இறங்கியது. 2018-19இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. அப்படியான நாட்டில் மூன்று வேளையும் மாவைக் குறை என்று சொல்கிறவர் எங்களுக்கு எதிரி இல்லை. எங்கள் கோபம் உணவில் இல்லை. அந்த உணவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பொய்யில்தான்.

எங்களில் ஒரு சேர் ஏற்கனவே ஸ்டென்ட் வைத்தவர். தொடங்கும்போது அவருடைய ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 148, எச்.டி.எல் 38, ட்ரைகிளிசரைட் 160, எல்.டி.எல் 78. அட்டோர்வாஸ்டாட்டின் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வட்சப் குழுவில் சேர்ந்தார். "கொலஸ்ட்ரோல் என்பதே மருந்துக் கம்பனிகளின் கட்டுக்கதை" என்று அங்கே பாடம் நடந்தது. குளிசையை நிறுத்தினார். கட்டித் தேங்காய்ப்பால், தேங்காயெண்ணெய், பட்டர் என்று தாராளமாகப் போனார். நாலு மாதத்தில் மொத்தம் 312, எச்.டி.எல் 52, ட்ரைகிளிசரைட் 95, எல்.டி.எல் 241.

அந்த ரிப்போர்ட்டை அவர் குழுவில் போட்டார். என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். "ட்ரைகிளிசரைட் இறங்கிவிட்டது, எச்.டி.எல் ஏறிவிட்டது, எல்.டி.எல்லைப் பார்க்கவே வேண்டாம், வாழ்த்துகள் சேர்." அடுத்த மாதம் ஒரு இரவு நெஞ்சு இறுகி, 1990 சுவசெரிய அம்புலன்ஸில் போனார். அல்லாஹ்வின் அருள், உயிரோடு திரும்பினார். குழுவில் சொன்னபோது வந்த பதில், "நீங்கள் எங்கேயோ ஏமாற்றிச் சாப்பிட்டிருப்பீர்கள்."

ஒரு மனிதரின் கதை ஆதாரம் ஆகாது. அது எங்களுக்கும் தெரியும். குளிசையை விடாமல் இருந்தாலும் அந்த வருத்தம் வந்திருக்கலாம். அதனால்தான் அவர்கள் சொல்லும் ஒவ்வொரு நியாயத்தையும் எடுத்துப் பார்த்தோம்.

"அன்செல் கீஸ் 22 நாடுகளில் தனக்குத் தோதான 7 நாடுகளைப் பொறுக்கினார், எல்லாம் அங்கே தொடங்கிய மோசடி." இது இரண்டு விஷயங்களைக் குழப்பிய கதை. கீஸ் 1953இல் போட்டது 6 நாடுகளின் வரைபடம். 22 நாடுகளின் தரவைக் காட்டி 1957இல் இருவர் விமர்சித்தது அதைத்தான். ஏழு நாடுகள் ஆய்வு 1958இல் தொடங்கிய வேறொன்று. சரி, கீஸ் முழுப்பிழை என்றே வைப்போம். எல்.டி.எல் மீதான குற்றச்சாட்டு அவரை நம்பி நிற்கவில்லையே.

அது பரம்பரையில் நிற்கிறது. பிறப்பிலேயே எல்.டி.எல்லை இரத்தத்திலிருந்து எடுக்கும் வாங்கிகள் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. ஒல்லியான பிள்ளைகள், சீனி வருத்தம் இல்லை, சிகரெட் இல்லை. ஆனாலும் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரும். இந்த வாங்கியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கம், பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு மாற்றத்தால் பிறப்பிலிருந்தே எல்.டி.எல் குறைவாக உள்ளவர்களுக்கு இருதய நோய் மிகக் குறைவு என்று 2006இல் காட்டினார்கள். இதில் எந்தக் கம்பனி கை வைத்தது? இறைவன் எழுதிய மரபணுவிலா?

"அமெரிக்காவே 2015இல் கொலஸ்ட்ரோல் பொய் என்று ஒப்புக்கொண்டது." இல்லை. உணவில் உள்ள கொலஸ்ட்ரோலுக்கு இருந்த 300 மில்லிகிராம் எல்லையைத்தான் எடுத்தார்கள். அதாவது முட்டைக்குக் கொஞ்சம் விடுதலை. இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரோலைப் பற்றியது அல்ல. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பேச்சு அதே அறிக்கையில் அப்படியே இருக்கிறது. அரைப் பக்கத்தை மட்டும் வாசிக்கிற பிள்ளைக்கு நாங்கள் வகுப்பில் புள்ளி போடுவதில்லை.

"எங்கள் மூதாதையர் தேங்காயில்தான் வாழ்ந்தார்கள்." உண்மை. பேலியோக்காரர்கள் விரும்பிக் காட்டும் கிட்டாவா தீவு மக்களும் அப்படித்தான். பப்புவா நியூகினியில் ஸ்டஃபான் லிண்டபெர்க் அவர்களை ஆராய்ந்தார். தேங்காய் தின்றார்கள், மாரடைப்பு அரிது. ஆனால் அவர்கள் சாப்பாட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவுச்சத்து! கிழங்கு, பழம், மீன். தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு கிழங்கை மறைப்பது என்ன நேர்மை? எங்கள் வாப்பாமார் தேங்காய் தின்றது வாவியில் தோணி வலித்து, வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்போடு. நாங்கள் கதிரையில் இருந்து கொப்பி திருத்துகிறவர்கள்.

தேங்காயெண்ணெய்க்கு நாங்கள் விரோதி இல்லை, ஆனால் கணக்கு இது: 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. பட்டரில் சுமார் 50. நல்லெண்ணெயில் சுமார் 14. 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2020 ஆய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லைச் சராசரியாக 10 புள்ளியளவு கூட்டியது. சிலருக்கு மிகக் குறைவாக ஏறும், சிலருக்கு எங்கள் சேரைப் போல் பாய்ந்து ஏறும். நீங்கள் எந்த வகை என்று இரத்தம் சோதிக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

குளிசை பற்றியும் சொல்ல வேண்டும். 26 பரிசோதனைகள், சுமார் 170,000 பேர். எல்.டி.எல் 39 புள்ளி குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன. பக்கவிளைவு இல்லையா? உண்டு. சிலருக்குத் தசை நோகும், சீனி கொஞ்சம் ஏறலாம். அதை டொக்டரிடம் சொல்லி அளவை மாற்றலாம், வேறு குளிசை கேட்கலாம். குப்பையில் போடுவது வைத்தியம் அல்ல.

வைத்தியர்மாரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. மக்கள் ஏன் வட்சப்புக்கு ஓடுகிறார்கள்? கிளினிக்கில் விடியற்காலையிலிருந்து காத்திருந்தால் இரண்டு நிமிடம். "எண்ணெயைக் குறை, தேங்காய்ப்பாலை நிறுத்து." கோப்பை நிறையச் சோற்றைப் பற்றி, ஆறு கரண்டிச் சீனியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சோற்றைக் குறைத்துச் சீனி இறங்கிய ரிப்போர்ட்டைக் காட்டினால் ஏச்சு. ஏச்சு வாங்கியவன் கைதட்டுகிற இடத்துக்குத்தான் போவான். "உங்கள் உணவு சரி, ஆனால் இந்த எண் சரியில்லை, இதையும் சேர்ந்து இறக்குவோம்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எங்கள் சேருக்கு அப்படிச் சொன்ன ஒரு டொக்டர் கடைசியில் கிடைத்தார்.

அவர் சோற்றுக்குத் திரும்பவில்லை. கொழுப்பைத்தான் மாற்றினார். பட்டர் நின்றது. கட்டிப்பாலுக்குப் பதில் சொதிக்கு இரண்டாம் பால், அதுவும் அளவாக. சமையலுக்கு நல்லெண்ணெய். சூடை, சாளை, கும்பளா என்று மலிவான மீன். ஒரு பிடி கச்சான். முருங்கையிலை, வல்லாரை, வெண்டிக்காய், புடலங்காய் கோப்பையில் பாதி. குளிசை மீண்டும் தொடங்கியது. மூன்று மாதத்தில் மொத்தம் 141, எச்.டி.எல் 47, ட்ரைகிளிசரைட் 100, எல்.டி.எல் 74. இன்னும் இறங்க வேண்டும் என்கிறார் டொக்டர். சீனியும் ஏறவில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே எங்கள் வேண்டுகோள்:

தொடங்க முன் லிபிட் ரிப்போர்ட் எடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப எடுங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லைக் கழித்துப் பாருங்கள், அந்த எண் ஏறினால் கொண்டாட எதுவும் இல்லை.

எல்.டி.எல் 190க்கு மேல் நின்றால் வைத்தியரிடம் போங்கள். பரம்பரையாக வருவதாக இருக்கலாம், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டி வரும்.

இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மாவை வெட்டாதீர்கள். சீனி திடீரென்று விழும். நோன்பு காலத்தில் இன்னும் ஆபத்து.

ஸ்டென்ட் வைத்தவருக்கு, மாரடைப்பு வந்தவருக்கு, "குளிசையை நிறுத்து" என்று எழுதும் அட்மின்மாரே, நீங்கள் வெளிநாட்டிலிருந்து தட்டச்சு செய்கிறீர்கள். இரவு ஒரு மணிக்குக் குருக்கள்மடத்தில் அம்புலன்ஸுக்கு வழிகாட்ட ரோட்டில் டோர்ச்சோடு நின்றது அவருடைய மகள். அவள் எங்கள் மாணவி. அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

விரும்பினால் பகிருங்கள். குறிப்பாக, கைதட்டுகிற குழுக்களில்.