கூலிங் ஃபிலிம் ஒட்டிய காலம்



வாளையார்ப் பக்கம் மாசி முடிந்தாலே வெயில் அனலாக இறங்கும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கையே விட்டது. கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ மதியம் தெருவில் நிறுத்திய காரில் ஏறினால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. ஏ.சி. அபூர்வமாக இருந்த நாட்களில் இந்த ஊர்க்காரர்கள் கார் வாங்கிய கையோடு கண்ணாடிகளில் கூலிங் ஃபிலிம் ஒட்டினார்கள் என்றால், அதை வெறும் பகட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பகட்டு பிறகு வந்து சேர்ந்தது. சீட் கவர், மேட்டோடு ஃபிலிமும் சேர்த்தே விற்றார்கள். கண்ணாடி எவ்வளவு கறுப்போ, உள்ளே இருப்பவர் அவ்வளவு பெரிய ஆள் என்றானது. வருடத்தில் பல மாதம் மழையும் மூடுபனியுமாகக் கிடக்கும் மூணாறு, பீர்மேடு வண்டிகளிலும் அந்தக் கறுப்பு ஏறியது. அங்கே எந்த வெயிலைத் தடுக்க?

விதி அப்போதே இருந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன்பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது. சாலையில் அதை அளந்து பார்த்தவர்கள்தான் குறைவு. 2012 ஏப்ரல் 27 அன்று, அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளி விடும் ஃபிலிமானாலும் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. உயர் பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. மே 4 முதல் தடை. ஒட்டிக் கொடுத்த கடைகளே சோப்புத் தண்ணீரும் பிளேடுமாக உட்கார்ந்து உரித்தன. பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் சில வண்டிகளில் அதோடு சேர்ந்து பெயர்ந்தன. கேரளத்தில் 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்க்ரீன்’ என்று மோட்டார் வாகனத் துறை மறுபடி இறங்கியபோது, கார்த் திரைச்சீலைகளும் மாட்டின.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. வெயில் தரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாயம் ஏற்றிய ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் அதிகம் மறைக்கும். அந்தக் கதிரைப் பெருமளவு விட்டுவிடும். சில வருடத்தில் ஊதா நிறமாகிக் கொப்புளம் விடும். அகச்சிவப்பைத் தடுக்கிற செராமிக் ஃபிலிமோ ஏறக்குறைய தெளிவாகவே இருக்கலாம். நாம் வெகுகாலம் இருட்டைக் குளிர்ச்சி என்று நம்பிக் காசு கொடுத்தோம். அந்த இருட்டுக்காக வந்த தடை, வெயிலில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களின் நியாயமான தேவையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது.

2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதித் திருத்தத்தின்படி, தரநிர்ணயத்துக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம். அதே 70, 50 சதவீத ஒளி கட்டாயம் என்றார் நீதிபதி என். நாகரேஷ். ஒட்டுகிறவர்கள் கடை ரசீதையும் தரச் சான்றையும் வண்டியிலேயே வையுங்கள். கோபாலபுரமோ கோவிந்தாபுரமோ தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போகும்போது நிறுத்திக் கேட்டால் காட்ட உதவும்.

இடுக்கி வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் பூப்பாறை, நெடுங்கண்டம் சாலையோரங்களில் மாலையில் ஜீப்புக்காக நிற்கிறார்கள். சாலையைக் கடக்கிறவர் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைப்பார்; கறுப்புக் கண்ணாடியில் அவருக்கு எதுவும் தெரியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கும்போது ஓட்டுகிறவருக்கும் இதே கதிதான். மலை வண்டிக்கு ஃபிலிமே வேண்டாம் என்பது என் அழுத்தமான எண்ணம். மாற்றுக் கருத்து உள்ள ஜீப் ஓட்டுநர்கள் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்