பேர்ஸைத் தேடித்தரும் காட்: வாங்கத்தான் வேண்டுமா?

கடந்த நோன்புப் பெருநாளுக்குச் சற்று முன்னர், புடவைக் கொள்முதலுக்காக இரவு பஸ்ஸில் கொழும்பு சென்ற இறக்காமத்து வியாபாரி ஒருவர், புறக்கோட்டையில் இறங்கியபோது தனது பேர்ஸைக் காணாது திகைத்தார். கொள்முதல் பணத்தை இடுப்புப் பட்டியில் வேறாக வைத்திருந்ததால், அல்ஹம்துலில்லாஹ், அது தப்பியது. ஆனால் தேசிய அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், இரண்டு வங்கி அட்டைகள், ஊரில் யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதி மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதம் ஆகிய அனைத்தும் போய்விட்டன. பேர்ஸில் இருந்த காசு நாலாயிரம் ரூபா மட்டுமே. அதை அவர் ஒரு வாரத்தில் மறந்துவிட்டார். மற்றவற்றுக்காகப் பொலிஸ் நிலையம், கிராம உத்தியோகத்தர், வங்கி என்று அவர் கடையைப் பூட்டிவிட்டு அலைந்த நாட்களைத்தான் இன்றும் சொல்லிக் கவலைப்படுகிறார்.

இதைக் கேள்விப்பட்ட கட்டாரில் இருக்கும் அவரது தம்பி, "பேர்ஸுக்குள் வைக்கும் காட் ஒன்று இருக்கிறது நானா, எங்கே விழுந்தாலும் போன் காட்டித்தரும். அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர் அதே கேள்வியை என்னிடம் கொண்டுவந்தார். அக்கரைப்பற்று, கல்முனை போன்ற நகரங்களில் கையடக்கத் தொலைபேசி உதிரிப்பொருட்கள் விற்கும் சகோதரர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும் என்பதால் இவ்வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

காட் வேலை செய்வது எப்படி?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்தக் காட்டுக்குள் சிம் கிடையாது. செய்மதியோடு பேசும் ஜி.பி.எஸ். கருவியும் கிடையாது. இருப்பது ஒரு சிறிய பற்றரியும் புளூடூத் அலை பரப்பும் ஒரு சில்லும்தான். "நான் இன்னார்" என்று அது விட்டுவிட்டு மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். அக்குரல் சில பத்து மீற்றர்களுக்கு அப்பால் கேட்காது.

பிறகு எப்படித் தொலைவில் இருந்தாலும் காட்டுகிறது? பிறருடைய தொலைபேசிகளின் தயவால்தான். உங்கள் பேர்ஸ் விழுந்த இடத்தைக் கடந்து செல்லும் யாரோ ஒருவரின் தொலைபேசி அக்குரலைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புகிறது. அவருக்கு இது தெரியாது. தகவல் உங்கள் தொலைபேசிக்கு மட்டும் வந்து சேரும்.

அப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் எயார்டாக் என்ற வில்லையை வெளியிட்டது. அது 8 மில்லிமீற்றர் தடிப்பு. பேர்ஸுக்குள் வைத்தால் புடைத்து நிற்கும். ஆகவேதான் வேறு நிறுவனங்கள் மெல்லிய காட்களைச் செய்கின்றன. டைல் நிறுவனம் 2016இலேயே மெல்லிய வகை ஒன்றைக் கொண்டுவந்தது. சிப்போலோ போன்றவை அப்பிளின் வலையமைப்பில் சேர்ந்து இயங்கும் காட்களை விற்கின்றன. அண்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்காக கூகுள் தனது வலையமைப்பை 2024 ஏப்ரலில்தான் தொடங்கியது.

கொழும்பு வேறு, குளக்கட்டு வேறு

இங்குதான் நமது வியாபாரிகள் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும். காட்டின் பலம் அதற்குள் இல்லை. அதைச் சுற்றி நடமாடும் மனிதர்களின் தொலைபேசிகளில் இருக்கிறது. புறக்கோட்டை கெய்சர் வீதியில் பேர்ஸ் விழுந்தால், நிமிடத்துக்குள் எத்தனையோ தொலைபேசிகள் அதைக் கடந்து போகும். பெரும்போக அறுவடை நேரம் நெல் வாங்க வயலுக்குச் செல்லும் வியாபாரியின் பேர்ஸ் வரப்பில் விழுந்தால்? இறக்காமம் குளக்கட்டில் விழுந்தால்? மாடும் கொக்கும்தான் கடந்து போகும்.

இன்னுமொன்று. நம் பகுதியில் பெரும்பாலோர் பாவிப்பது அண்ட்ரொய்ட் தொலைபேசிகளே. கூகுளின் வலையமைப்பு, மக்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக, சாதாரண அமைப்பில் ஆள்நடமாட்டம் மிகுந்த இடங்களில் பல தொலைபேசிகள் ஒரே பொருளைக் கண்டால் மட்டுமே இடத்தைச் சொல்லும். எல்லா இடங்களிலும் சொல்லும்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்ற வேண்டியவர் நீங்கள் மட்டுமல்ல, உங்கள் பேர்ஸைக் கடந்து போகும் ஊரவர்! வரிப்பத்தான்சேனையிலும் குடுவிலிலும் எத்தனை பேர் அந்த அமைப்பைத் தேடி மாற்றியிருப்பார்கள்?

அடுத்து, அப்பிளின் வலையமைப்புக்கென விற்கப்படும் காட்டை அண்ட்ரொய்ட் தொலைபேசியில் பதிவு செய்ய முடியாது. கட்டாரில் இருக்கும் தம்பி ஐபோன் வைத்திருப்பார், தனக்குத் தெரிந்ததை வாங்கி அனுப்புவார். இங்கே நானாவின் கையில் இருப்பது அண்ட்ரொய்ட். வந்த பொருள் லாச்சிக்குள் தூங்கும்.

திருடனைப் பிடிக்குமா?

பிடிக்காது என்றே கொள்ளுங்கள். பிறரை இரகசியமாகப் பின்தொடர இத்தகைய கருவிகளைச் சிலர் துஷ்பிரயோகம் செய்ததால், "அறியாத கருவியொன்று உம்மோடு பயணிக்கிறது" என எச்சரிக்கும் பொது ஏற்பாட்டை அப்பிளும் கூகுளும் சேர்ந்து 2024 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பேர்ஸைத் திருடியவனின் தொலைபேசிக்கும் அதே எச்சரிக்கை போகலாம். அவன் காசை எடுத்துக்கொண்டு பேர்ஸைக் கானுக்குள் எறிவான். காட் உங்களுக்குக் கானைக் காட்டித்தரும்.

இவ்விடத்தில் முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. கடைப் பையனின் பையிலோ விற்பனைப் பிரதிநிதியின் மோட்டார் சைக்கிளிலோ அவருக்குத் தெரியாமல் இதை ஒளித்து வைக்க எண்ண வேண்டாம். துருவித் துருவி ஆராய்வதை சூரா ஹுஜுராத் தடுக்கிறது. லொறியில் வைப்பதாயின் சாரதியிடம் சொல்லிவிட்டே வையுங்கள்.

அப்படியாயின் பயனே இல்லையா?

இருக்கிறது. வீட்டிலோ கடையிலோ எங்கேயோ வைத்து மறந்த பேர்ஸை ஒலி எழுப்பிக் கண்டுபிடிக்கலாம். சில காட்கள், நீங்கள் பேர்ஸை விட்டுவிட்டு நகரும்போதே தொலைபேசியில் அறிவிக்கும். தேநீர்க்கடை மேசையில் விட்டுவிட்டு எழும்புபவருக்கு இதுவே பெரும் உதவி. தொலைந்தபின் தேடுவதைவிட, தொலையுமுன் சொல்வதே மேல். இந்த வசதி உங்கள் தொலைபேசியோடு சேர்ந்து இயங்குமா என்று வாங்குமுன் கேட்டறியுங்கள்.

விலைக்கு வருவோம். பெயர்பெற்ற நிறுவனங்களின் காட்கள் வெளிநாட்டில் 30 முதல் 35 டொலர் வரை விற்கப்பட்டு வந்துள்ளன. டொலர் 300 ரூபா என்று வைத்தாலும், வரியும் தபாலும் சேராமலே 9000 ரூபாவுக்கு மேல். பல காட்களில் பற்றரியை மாற்ற முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் அப்படியே வீச வேண்டியதுதான். மீளச் சார்ஜ் செய்யக்கூடியவையும் உள்ளன, வாங்குவதாயின் அவற்றைப் பாருங்கள். பின் பொக்கட்டில் பேர்ஸை வைத்து அதன்மேல் உட்காருபவர்கள், காட் வளைந்து பழுதாகலாம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். மாதாமாதம் கொழும்பு செல்பவர், பொருத்தமான தொலைபேசி வைத்திருப்பவர் வாங்கலாம். உம்ராவுக்குச் செல்பவர் பயணப்பெட்டிக்குள் இத்தகைய கருவி ஒன்றை வைப்பதும் பயனுள்ளது. விமான நிலையங்களில் தொலைபேசிகளுக்குக் குறைவில்லை. கடையும் வீடும் வயலுமாக இருப்பவருக்கு இது தேவையில்லாத செலவு.

விற்பவர்களுக்கு

இதைக் கடையில் வைத்து விற்க நினைக்கும் சகோதரர்கள் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இது வானொலி அலை பரப்பும் சாதனம் என்பதால், இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளை முதலில் விசாரியுங்கள். இரண்டு, பற்றரியை மாற்ற முடியாத காட் தட்டில் இருக்கும்போதே வயதாகும். பெட்டி பெட்டியாக இறக்கி வைத்தால் பணம் முடங்குவதோடு சரக்கும் கெடும். மூன்று, "உலகில் எங்கிருந்தாலும் ஜி.பி.எஸ். மூலம் காட்டும்" என்று சொல்லி விற்காதீர்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்தக் காட்டின் ஈரம், ஆளில்லா இடத்தில் அது ஊமையாகிவிடும் என்பதே. அதைச் சொல்லி விற்றால் ஒரு விற்பனை குறையலாம், வாடிக்கையாளர் குறையமாட்டார்.

செலவில்லாத காப்புகள்

9000 ரூபா செலவழிக்குமுன் காசில்லாமல் செய்யக்கூடியவை பல உண்டு. கொள்முதல் பணத்தைப் பேர்ஸிலும் வைக்காதீர்கள், முடிந்தால் இடுப்பிலும் வைக்காதீர்கள். வங்கிக்கு வங்கி உடனுக்குடன் பணம் அனுப்பும் சீஃப்ட்ஸ் முறை நம் நாட்டில் 2015 முதல் இருக்கிறது. மொத்த வியாபாரியின் கணக்குக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினால் நிம்மதியாகத் தூங்கலாம். அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் போட்டோப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். வங்கி அட்டையை உடனே நிறுத்துவதற்கான தொலைபேசி இலக்கத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள்.

நமது புடவை வியாபாரிக்கு அடையாள அட்டை மீண்டும் கிடைத்தது. வங்கி அட்டைகளும் கிடைத்தன. கிடைக்காதது அந்தத் துண்டுக் காகிதம். ஞாபகத்தில் இருந்தவர்களிடம் கேட்டார், சிலர் தந்தார்கள். ஞாபகத்தில் இல்லாதவை அல்லாஹ்வுக்கே வெளிச்சம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரா பகராவின் 282ஆவது வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. பேர்ஸுக்குள் மடித்து வைக்கும் காகிதம் அக்கட்டளையை நிறைவேற்றுமா? கடையில் ஒரு கடன் கொப்பி, வீட்டில் அதன் பிரதி ஒன்று. இதற்கு ஈடாக எந்தக் காட்டும் இல்லை.

இறுதியாக, ஒரு சிறு காகிதத்தில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தெளிவாக எழுதி பேர்ஸுக்குள் வையுங்கள். கண்டெடுத்த பொருளின் பையையும் கட்டையும் அடையாளம் தெரிந்துகொண்டு ஒரு வருடம் அறிவிப்புச் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். நம்மூர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இத்தகைய அறிவிப்புகளை நாம் கேட்டே வளர்ந்தோம். கண்டெடுப்பவர்களில் திருப்பிக் கொடுக்க விரும்புபவர் பலர். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். அடையாள அட்டையில் முகவரி இருக்கிறது, தொலைபேசி இலக்கம் இல்லை. கொழும்பு பஸ்ஸில் அந்தப் பேர்ஸைக் கண்டெடுத்தவர் இறக்காமத்துக்கு எப்படி வருவார்?

நமது வியாபாரி இன்னும் காட் வாங்கவில்லை. புதிய பேர்ஸுக்குள் இலக்கம் எழுதிய காகிதத்தை வைத்துவிட்டார். கடன் கொப்பியும் திறந்துவிட்டார். தம்பி அனுப்ப நினைத்த பணத்தை ஹஜ்ஜுப் பெருநாள் கொள்முதலோடு சேர்த்துவிடும்படி சொல்லியிருக்கிறேன்.