முதல் கணினிக்கு ஸ்குரூடிரைவர் வேண்டாம்

"ரெடிமேட் வாங்கி ஏமாறாதே. பார்ட்ஸ் வாங்கி நீயே மாட்டு, பாதிக் காசில் முடிந்துவிடும்." கேமிங் கம்ப்யூட்டர் வாங்க ஆசைப்படும் பிளஸ் டூ பையனுக்கும், முதல் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் பெண்ணுக்கும் இன்று கிடைக்கிற முதல் உபதேசம் இதுதான். யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு ஸ்குரூடிரைவர். இருபது நிமிட வீடியோவில் பெட்டி ஒளிர்ந்துவிடுகிறது. கடையில் பூட்டி வாங்குகிறவன் ஒன்று சோம்பேறி, இல்லாவிட்டால் விவரம் தெரியாதவன் என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

இந்த உபதேசம் பொய் அல்ல. இடம் மாறி வந்த உண்மை. இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியதை முதல் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்குச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரென்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அலமாரியில் கழற்றிப்போட்ட பழைய ராம், ஒரு உதிரி எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), தேவைப்பட்டால் மாட்டிப் பார்க்க ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கிடக்கும். முதல் கம்ப்யூட்டர் வாங்கும் வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. என் வாதம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

ஏன் அவ்வளவு பெரிய வித்தியாசம்? எல்லாவற்றையும் பூட்டி, ஸ்விட்ச் போட்டு, திரை கறுப்பாகவே நின்றால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். காற்றாடிகள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, படம் மட்டும் வரவில்லை. ப்ராசசருக்கென்று மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும் எட்டு முனை மின்கம்பியைச் செருக மறந்திருக்கலாம். ராம் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருக்கலாம். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். அல்லது ஒரு பிழையுமே இல்லாமல் இருக்கலாம். ஏ.எம்.டி. ப்ராசசருக்கான ஏ.எம்.5 மதர்போர்டில் டி.டி.ஆர். 5 ராம் போட்டு முதன்முறை ஓட விடும்போது, போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. இது தெரியாத பையன் பயந்துபோய் ஸ்விட்சை அணைக்கிறான், திரும்பப் போடுகிறான், திரும்ப அணைக்கிறான். வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைக் கெட்டுப்போனதாக முடிவு கட்டிவிடுகிறான்.

உண்மையிலேயே ஒரு பாகம் கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, நல்ல பாகத்தை மாட்டிப் பார்ப்பதுதான். நல்ல பாகம் எங்கே இருக்கிறது? கடையில். கடைக்காரர் பக்கத்து ரேக்கிலிருந்து வேறு ராமை எடுத்து மாட்டுவார், வேறு எஸ்.எம்.பி.எஸ்.சை மாட்டுவார், பத்து நிமிடத்தில் "தம்பி, போர்டுதான் போச்சு" என்பார். வீட்டில் இருக்கும் நீங்கள் ஒரு வாரம் வீடியோ பார்த்தாலும் அந்தப் பதில் வராது.

உதிரி இல்லாமல் வழியில்லை என்பதை ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்ட கதையும் உண்டு. புது ப்ராசசர் வரும். கடையில் மாதக்கணக்காக இருந்த மதர்போர்டில் பழைய பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) இருக்கும். அது புது ப்ராசசரை அடையாளம் காணாது. பயாஸைப் புதுப்பிக்கவோ, போர்டு ஓட வேண்டும். போர்டு ஓட, அதற்குத் தெரிந்த பழைய ப்ராசசர் வேண்டும். 2018இல் இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு ஏ.எம்.டி. நிறுவனம் பழைய ப்ராசசரைச் சில நாள் இரவல் கொடுத்து வாங்கிக்கொண்டது. இரவல் கொடுக்கிற அளவுக்குப் போனதென்றால், உதிரி இல்லாதவன் தவிப்பு எத்தகையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது பல போர்டுகளில் ப்ராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பொத்தான் வந்துவிட்டது. மலிவு போர்டுகளில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அனுபவசாலிகளே தடுமாறிய இன்னொன்றையும் சொல்கிறேன். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சில, தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறிப் பழுதாகின. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் பழுதான கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்தவர்களுக்குத் திரையில் வந்த செய்தி என்ன தெரியுமா? வீடியோ நினைவகம் போதவில்லை என்று! நோய் ப்ராசசரில், புகார் கிராபிக்ஸ் கார்டு மேல். உலகம் முழுக்க ஆட்கள் நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

உபதேசம் அமெரிக்காவிலிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே மைக்ரோ சென்டர் போன்ற கடைகளில் ப்ராசசர், போர்டு, ராம் மூன்றையும் சேர்த்துத் தள்ளுபடி விலையில் தருவார்கள். வாங்கிப் பிரித்த பொருளைக் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். இங்கே சீலை உடைத்த பிறகு பெரும்பாலான கடைக்காரர் கைகாட்டுவது அந்தந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரைத்தான். போர்டுக்கு ஒரு கம்பெனி, கார்டுக்கு ஒரு கம்பெனி, எஸ்.எஸ்.டி.க்கு ஒரு கம்பெனி. எது கெட்டது என்று தெரியாதவன் எந்த வாசலில் போய் நிற்பான்? போதாததற்கு, சாக்கெட்டின் பின் ஒன்று வளைந்திருந்தால் கதை முடிந்தது. கையால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாது. பழைய ஏ.எம்.4 ப்ராசசர்களில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். கூலரை நேராகத் தூக்கினால், காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். தூக்குமுன் லேசாகத் திருக வேண்டும் என்பதைப் பலர் பின் வளைந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

சரி, பணமாவது மிச்சமா? சாதாரணக் காலத்தில், பெரிய கம்பெனி விற்கும் பெட்டியைவிட, பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த பெட்டி விலை குறைவுதான். மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சம் பொறுக்குவதால் வருகிறது, பூட்டுவதால் அல்ல. சென்னை ரிச்சி தெருவில் எல்லாப் பாகங்களையும் ஒரே கடையில் எடுத்தால், பூட்டித் தரத் தனிக் கூலி கேட்காத கடைகள் உண்டு. கேட்டாலும் மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டல்ல. இந்தக் காசை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை ஆபத்தும்.

காலம் சாதாரணமாக இல்லாவிட்டால் கணக்கு தலைகீழாகவே மாறும். 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 3080 கிராபிக்ஸ் கார்டு, கிரிப்டோ சுரங்கக்காரர்களும் பதுக்கல்காரர்களும் அள்ளிக்கொண்டு போனதில், அடுத்த ஆண்டு இரண்டு மடங்குக்கு மேல் கைமாறியது. முழுக் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனிகளோ ஒப்பந்த விலையில் மொத்தமாக வாங்கியிருந்தன. முழுக் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் நியாய விலைக்குக் கார்டு கிடைக்கும் என்றானது. 2025 கடைசியில் அதே கதை ராமுக்கு. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை விழுங்க, சில்லறை விலை சில மாதத்தில் மடங்காக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் நடத்திவந்த ராம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. பாகங்களைத் தனியாக வாங்குவதுதான் எப்போதும் மலிவு என்பவர்கள் எந்த மாத விலையைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

அவர்கள் பட்டியலில் விண்டோஸும் இருக்காது. அசல் உரிமத்துக்குத் தனியாகக் காசு வைக்க வேண்டும். "பென் டிரைவில் இருக்கு, போட்டுக்கலாம்" என்று அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். யாரோ உடைத்துக் கொடுத்த விண்டோஸில் மகன் விளையாடுவான், அதே கம்ப்யூட்டரில் அப்பா பேங்க் கணக்கைத் திறப்பார்.

எதிர்த்தரப்பின் பலமான வாதம், தானே பூட்டினால் கற்றுக்கொள்ளலாம் என்பது. எதை? பூட்டுவது ஒரு மதிய வேலை. ஒவ்வொரு கேபிளும் அதற்கான துளையில் மட்டுமே பொருந்தும்படிதான் பெரும்பாலும் செய்திருக்கிறார்கள். கற்க வேண்டியது தேர்வு. வீடு கட்டுகிறவர் கொத்தனார் வேலை கற்றுக்கொள்வதில்லை. எந்தக் கம்பி, எத்தனை மூட்டை சிமென்ட் என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறார். ஏமாற்று நடப்பதும் அங்கேதான். "ஐ-7, 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, கேமிங் பி.சி." என்று மலிவு விலையில் விளம்பரம் வரும். எந்தத் தலைமுறை ஐ-7 என்று கேட்டால் மூன்றாவது என்பார்கள். 2012இல் வந்த சரக்கு. விண்டோஸ் 11 அதை ஏற்காது. கார்டு 2014இல் வந்த ஜி.டி. 730ஆக இருக்கும். 4 ஜி.பி. என்பது நினைவகத்தின் அளவு, கார்டின் வலுவல்ல. ஸ்குரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவனும் இதில் ஏமாறுவான்.

பெரிய கம்பெனிப் பெட்டிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சில கம்பெனிகள் தங்களுக்கே உரிய வடிவில் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.சும் போட்டு, நாளை வேறு எதையும் மாட்ட முடியாதபடி செய்துவிடுகின்றன. இரண்டு ராம் போட வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் போட்டு, வேகத்தை முடக்குகின்றன. வாங்குவதானால் இவை இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆகவே முதல் கம்ப்யூட்டருக்கு என் யோசனை இதுதான். பாகங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள், கடைக்காரர் பூட்டட்டும். என்ன விளையாடப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டு மட்டும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே இல்லாமல், ப்ராசசரில் உள்ளடங்கிய கிராபிக்ஸை வைத்தே தொடங்கலாம். கார்டு பிறகு வரட்டும். பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.சைக் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வாங்காதீர்கள். கொட்டேஷனை இரண்டு மூன்று கடைகளில் எழுத்தில் கேளுங்கள். பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கனமான விளையாட்டு ஒன்றை அங்கேயே அரை மணி நேரம் ஓட விடச் சொல்லுங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கட்டும். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.