85: பொய்யும் மெய்யும்

டிஎஸ்18பி20 என்னும் வெப்பநிலை உணரி, மின்சாரம் பெற்றதும் தன் பதிவேட்டில் 85 பாகை செல்சியஸ் என்றே வைத்திருக்கும். 12 பிட் துல்லியத்தில் அளந்து முடிக்க 750 மில்லிவினாடி வரை ஆகும். அதுவரை பொறாத இயக்கி நிரல், குளிர்ந்த அறையையும் 85 பாகை என்று அறிவித்துவிடும்.

இப்பிழை கண்ட சிலர், ‘85 வந்தால் தள்ளிவிடு’ என்று ஒரு வரி சேர்த்து அமைதி கொள்கின்றனர். இதனைத் திருத்தம் என நாம் ஏற்பதற்கில்லை. 125 பாகை வரை அளக்கும் கருவிக்கு 85 மெய்யாகவும் வாய்க்கலாம். கொதிநீர்க் கலம் உண்மையிலேயே சூடேறும் வேளையில் நிரல் வாய்மூடி நிற்கும். பொருள் விளங்காத பாடத்தை நீக்கிவிடும் பதிப்பாசிரியரின் செயலுக்கு இது ஒப்பாகும். லினக்ஸின் இயக்கியோ, உணரியின் நினைவகத்தில் வேறொரு பைட்டையும் ஒப்புநோக்கி, 85 பொய்யா மெய்யா என அறிய வழி வைத்துள்ளது. அளந்து முடியும்வரை காத்திருக்க நிரலுக்குக் கற்பிப்போம். அதன்பின் 85 வந்தால் நம்புவோம்.